முதல் மதகு

இருபத்தாறு வருடம் நீர் வாரியத்தில் இருந்தேன்.
ஃப்ரீஸ்லாந்தில் பாதி நிலம் கடலுக்குக் கீழே;
தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று
யாராவது ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை யெல்லேயின் பண்ணையிலிருந்து
சாணிக்கழிவு கசிந்தது.
என்னுடையது இல்லை என்றான்.
நான் வாதாடவில்லை. அவன் கொட்டகை ஓரம்
ஒரு குவளைச் சாயம் ஊற்றிவிட்டு
வாய்க்கால்கள் கூடும் இடத்தில்
சைக்கிளைச் சாய்த்துக் காத்திருந்தேன்.
நாற்பது நிமிடம்.
முதல் மதகில் பச்சை வந்து நின்றது.

லேவார்டன் மருத்துவமனையில்
அதையே எனக்குச் செய்தார்கள்.
இடது மார்பில், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில்,
பதினோரு மில்லிமீட்டர்.
முந்தைய நாள் கதிரியக்கத் துளி. காலையில் நீலம்.
"கட்டியிலிருந்து வடியும் நீர்
அக்குளில் முதலில் தொடும் கணு எதுவோ
அதை மட்டும் எடுத்துப் பார்ப்போம்,"
டாக்டர் ரென்ஸ்கே படம் வரையத் தொடங்கினார்.
பேனாவை மூடச் சொன்னேன்.

என் அக்கா ஷௌக்யேவுக்குச் சாயம் ஊற்ற ஆளில்லை.
தொண்ணூற்றொன்றில் பதினேழு கணுக்களை வாரி எடுத்தார்கள்.
பதினேழிலும் ஒன்றும் இல்லை.
கேக் வாங்கிக் கொண்டாடினோம்.
அதன்பின் அந்தக் கை வடியவேயில்லை.
மோதிரத்தை அறுத்து எடுத்தோம்.
சட்டைக்கு ஒரு கையை மட்டும்
அகலமாகத் தைத்துக்கொள்கிறாள்.

எனக்கு இரண்டே கணு.
கருவி எப்படித் துப்பறிந்தது என்று
நர்ஸ் வாயால் ஒலித்துக் காட்டினாள்:
டிக்... டிக்... டிடிடிடிக்.
அன்று மாலை பச்சையாய்ச் சிறுநீர் கழித்தேன்,
தனியாக, சத்தமாகச் சிரித்தேன்.
யெல்லே, பார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது.
ஒரு கணு சுத்தம்.
இன்னொன்றில் ஏதோ இருக்கிறது,
ஒரு மில்லிமீட்டரும் தேறாது.
"இதற்காக மீதியை எடுக்க வேண்டியதில்லை.
கதிர்வீச்சு இருக்கிறது, மாத்திரை இருக்கிறது."
மதகைத் தாண்டியதா?
"தெரியாது," என்றார் டாக்டர்.
"தோண்டினால் உங்களுக்கு அதிகம் கிடைக்காது.
கை போகலாம்."

தெரியாது என்ற சொல்லை
நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

அக்காவிடம் சொன்னேன்.
கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி கேட்டாள்.
விட்டுவிடு என்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.
"எல்லாவற்றையும் எடுக்கச் சொல்," என்றாள்.
"ஒன்று விடாமல்."
கெட்டில் கொதித்து அடங்கும்வரை
இருவரும் பேசவில்லை.

எடுக்கச் சொல்லவில்லை.
மார்பில் அந்த நீலம் இன்னும் இருக்கிறது,
ஐந்தாவது வாரம்.
குளிக்கும்போது தேய்ப்பதில்லை.