கால் பங்கு

பெரியபட்டினத்தில் பஸ் விட்டிறங்கித்
தோப்புக்குள் நடக்கையில்
பையை நெஞ்சோடு பிடித்திருந்தேன்.
மாற்றுச் சட்டை, அரைக்கிலோ மிக்சர்,
அடியில் மடங்காமல் ஒரு முத்திரைத்தாள்.
"ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து,
மத்ததை நான் பாத்துக்கறேன்"
என்று தந்தனுப்பியவர் ராமநாதபுரத்துத் தரகர்.

ஸலாத்துக்குப் பதில் முடியும் முன்னே
மைமூன் ராத்தா என் கையில்
சுரண்டுகிற தகடொன்றைத் திணித்தாள்.
வீட்டு வேலை முடிகிறவரை
விருந்தாளி என்று எவருமில்லையாம் அங்கே.

முண்டு மிளகாய் குவித்திருந்த அறை.
மிளகாய் போய் முப்பது வருஷம்.
சுரண்டச் சுரண்டச் சுவர் கமறியது.
நான் தும்மினேன்.
அசன் மச்சான் தும்மினார், ஏணியைப் பிடித்துக்கொண்டு.
வெளியே சாந்து மிதித்த முத்திருளன் தும்மிவிட்டு
"சரக்கு இன்னும் கெடலை" என்றார்.

காரை உதிர்ந்த இடத்தில் முருகைக்கல்.
பூப்பூவாய்த் துளைகள்.
கடலுக்கடியில் எதுவோ வாய் திறந்து மூடிய இடம்.
காதை வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை,
காதில் ஒட்டிய சுண்ணாம்பு மட்டும் எரிந்தது.

மச்சான் தோஹாவில் இருபத்திரண்டு வருஷம்
ஏசி மெக்கானிக்.
இப்போது அவர் பேச்செல்லாம் சுண்ணாம்பு.
"சிமென்டுக்கு மூச்சு கிடையாது, தம்பி."
கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு,
அதில் குழைத்தால் சுவரில் உப்புப் பூக்குமென்று
டிராக்டரில் நல்ல தண்ணீர் வருகிறது,
குடிக்க அல்ல, சுவருக்கு.
கடுக்காய் ஊறும் தொட்டியை
ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து வருவார்.
கருப்பட்டி சேர்த்த பூச்சைத் தின்ன
எறும்பு வரிசை வரிசையாய் வருகிறது.
அவற்றைத் திட்டுவதற்கு மட்டும் அரபி.

கணவாய் ஆணமும் சோறும் தின்றபின்
ராத்தா ஒவ்வோர் அறையாய்க் காட்டினாள்.
புதுப் பனஞ்சட்டம். பழைய ஓடு, கழுவி அடுக்கியது.
முட்டை தேய்த்த சுவரில் என் முகம் கலங்கலாய்.
வடகிழக்கு மூலையில் ஒரு கயிறு கட்டியிருந்தது.
அதற்கப்பால் கூரையில்லை.
தரையைப் பிளந்து வந்த சீமைக்கருவேலம்,
அதன் நிழலில் அசைபோடும் வெள்ளாடு.

"இது?"

"இது உன்னோடது.
நாங்க தொடல. ஆட்டை மட்டும் விரட்டுவோம்,
அதுவும் ஞாபகம் வந்தா."

தரகர் சதுர அடி சொன்னார்.
ஆட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

கட்டிலை எங்கே போட என்றார்கள்.
வீம்புக்கு, அங்கேயே என்றேன்.
கச்சான் காற்று இரவெல்லாம்
என் பங்கின் வழியே போய்
அவர்கள் பங்கின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.
மூன்று மணிவாக்கில் பனி போர்வையை நனைத்தது.
நட்சத்திரம் அழகுதான், மறுக்கவில்லை.
முதுகில் முள்.

சுபுஹுக்குப் பிறகு தேநீரோடு
காலண்டர் தாளொன்றைக் கொண்டுவந்தாள்.
பின்பக்கம் பென்சில் கணக்கு.
கிணறு தூர் வாரியது, சுற்றுச்சுவர், வரி பாக்கி,
பொதுச் செலவில் நாலில் ஒன்று:
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது.
"அவசரமில்லை.
நீ கொண்டுவந்ததையும் எடு."

"எப்படித் தெரியும்?"

"மிக்சர் பாக்கெட்டை யாரு
குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சிட்டு வருவா?"

மூக்குக்கண்ணாடி போட்டு
வரிவரியாய்ப் படித்தாள்.
கோபம் வருமென்று காத்திருந்தேன்.
நாலாவது வரியில் விரலை வைத்து
"சர்வே நம்பர் தப்பு.
இது பக்கத்துத் தோப்பு, செய்யது காக்காவோடது.
திருத்தி வாங்கிட்டு வா, போட்டுத்தர்றேன்"
என்று திருப்பித் தந்தாள்.
தாளில் அவள் பெருவிரல் வெள்ளையாய்ப் பதிந்திருந்தது.

ராமநாதபுரம் பஸ் நிலையத்தில்
தரகரின் போன் இரண்டு முறை அடித்தது.
மூன்றாவதை எடுத்ததும் தும்மல்.
"சளியா?" என்றார்.
"மிளகாய்" என்றேன்.
நம்பர் தப்பு என்றேன்.
சரி செய்ய ஒரு வாரம் ஆகுமாம்.

வைத்துவிட்டு, எதிரே இரும்புக் கடையில்
ஆடு தாண்டாத உயரத்துக்கு
ஒரு கதவு என்ன விலை என்று
சும்மாதான் கேட்டேன்.
அகலம் எவ்வளவு என்றார் கடைக்காரர்.
கையை விரித்துக் காட்டினேன்,
அளந்து வரவில்லை.