பதினான்காம் எண் கிரிஸ்டல்

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குமேல்
டெல்ஃப்ஸ்ஹாவன் சலவைக்கடையின் பின்னறை எனக்கு.
வாடகை கிடையாது.
பதிலுக்குப் பழுதாகும் இயந்திரங்களைப் பார்த்துத் தர வேண்டும்.
ஆறு பிள்ளைகள், ஆறு படகுகள்,
சோப்பு வாடைக்குள் எபாக்ஸி வாடை.

பகலில் நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
நாற்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் இறக்கத் தெரியும்.
பதினைந்து வயதை எப்படி இறக்குவதென்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

சுலைக்கா தன் படகுக்கு வயிறே வேண்டாம் என்றாள்,
கத்தி மாதிரி இருக்கட்டுமாம்.
அடியில் ஈயம் போதாது, கவிழும் என்றேன்.
“கவிழட்டும். என் படகுதானே.”
எட்மில்சன் மூன்று வாரமாக
ஒரே பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு என்றேன்.
தலையாட்டினான்.
மறுவாரம் மூன்று மில்லிமீட்டர்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை.
ஏதோ சைக்கிள் விவகாரம் என்றார்கள்.
ரோட்டர்டாமில் பாதிச் சண்டைக்குச் சைக்கிள்தான் காரணம்.
மீதிப் பாதியை நான் விசாரிப்பதில்லை.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. பூங்காக் குளம்.
மூன்று மிதவைகள், மேற்கிலிருந்து காற்று,
யாரையும் மதிக்காத வாத்துகள்.
ஃபெம்கேயின் அப்பா விசில் ஊதினார்.

முதல் மிதவையில் சுலைக்கா இடப்பக்கம் திருப்பினாள்.
திரும்பியது எட்மில்சனின் படகு.
அவன் வலப்பக்கம் இழுத்தான்,
அவள் சுக்கான் வலிப்பு வந்ததுபோல் துடித்தது.
“என் படகைத் தொடாதே!”
“நீ தொடாதே!”
தொடுகிற தூரத்தில் யாருமே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
சந்தையில் ஐந்து யூரோவுக்கு வாங்கிய பழைய ரிமோட்டுகள்.
இரண்டிலும் பதினான்காம் எண் கிரிஸ்டல்.
மாற்றியிருக்க வேண்டிய இன்னொன்று,
விரல்நகம் அளவு,
என் மேல்சட்டைப் பையில் கிடந்தது
டிராம் சீட்டோடும் அதிமதுர மிட்டாயோடும்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.
கிரேனில் தவறு நடந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்துவோம்.
இங்கே நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.
வெட்கம்தான், வேறொன்றுமில்லை.
பொறுமை என்று அதற்குப் பெயர் வைத்தது பிற்பாடு.

எட்மில்சன் ரிமோட்டைத் தட்டினான், உதறினான்,
பேட்டரியைக் கழற்றினான்.
கழற்றியதும்
இரண்டு படகும் சட்டென்று அடங்கின.
சுலைக்கா குச்சியை அசைக்க
இரண்டும் ஒன்றாகத் தலை திருப்பின.

அவள் அவனைப் பார்த்தாள்.
அவன் கையில் பேட்டரி.
மாட்டினால் யாருக்கும் படகில்லை.
கணக்குப் போடுகிறவன் மாதிரி உதடு அசைந்தது,
வெகுநேரம்.
பிறகு பேட்டரியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அவள் பக்கத்தில் போய் நின்றான்.
“மெதுவா. என்னுது இடப்பக்கம் இழுக்கும்.”
“ஏன்?”
“அஞ்சு மில்லிமீட்டர்.”

ஒரே கட்டளை, ஆனாலும்
கத்தி பாய்ந்தது, தடியன் அசைந்து அசைந்து வந்தான்.
அவன் “இப்போ” என்பான், அவள் திருப்புவாள்.
சில ‘இப்போ’க்கள் தாமதமாக வந்தன.
ஒரு வாத்து மயிரிழையில் தப்பியது.
இரண்டாம் மிதவை தாண்டியதும் கத்தி கவிழ்ந்தது,
நான் சொன்னபடியே.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் குச்சியை விடவில்லை.
மிஞ்சியது அவன் படகு.
அதைக் கரை சேர்த்தாள்.
ஆறில் ஐந்தாவது.

பரிசு ஒரு டப்பா வாஃபல், ஃபெம்கேக்குப் போனது.
கவிழ்ந்ததை எடுக்க எட்மில்சன்
இடுப்பு வரை குளத்தில் இறங்கினான்.
பேட்டரி அப்போதும் பையில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிரிஸ்டலை மேசைமேல் வைத்து
என் தப்பு என்றேன்.
சுலைக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
“இவ்வளவுதானா?”
சைக்கிள் விவகாரம் தீர்ந்ததா, தெரியாது.
வந்தது தனித்தனியாகத்தான்.

சூடாக ஓடிக்கொண்டிருந்த உலர்த்தி இயந்திரத்தின்மேல்
ஒரு பேட்டரி
கைக்குட்டை விரித்துக் காயவைக்கப்பட்டிருந்தது.
கைக்குட்டை யாருடையது என்று
நான் கேட்கவில்லை.