சுழி

ஞாயிறு காலை ஆறரை. லான்சரோட்டேயின் கருங்கல் கரையில்
வேன் கதவைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று
ரப்பர் உடைக்குள் தன்னைத் திணிக்கிறாள் இதாய்ரா.
வார நாட்களில் அவள் பல் செட் செய்கிறவள்.
ஒனோஃப்ரே ஹோட்டல் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பவர்.
நான் விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போடுகிறவன்.
எங்களில் ஒருவரும் விஞ்ஞானி இல்லை.
பலகை ஒன்று உண்டு: வெள்ளை பிளாஸ்டிக்,
சைக்கிள் டியூப் துண்டால் கட்டிய பென்சில்.

தேதி. ஆழம். தண்ணீரின் சூடு.
எத்தனை சுறா. ஆணா, பெண்ணா. என்ன செய்துகொண்டிருந்தது.
கடைசிக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்:
ஒன்றும் செய்யவில்லை, கிடந்தது.

ஆஞ்செலோத்தே என்பார்கள் இங்கே.
தேவதையின் பெயர்தான்; வாசம் மணலுக்குள்.
இஸ்திரி போட்ட சாக்கு மாதிரி தட்டையாக,
கண்ணிரண்டு மட்டும் வெளியே,
கடன்காரன் போய்விட்டானா என்று
கதவிடுக்கில் பார்ப்பவரைப் போல.
வடக்கே எத்தனையோ கரைகளில்
வலைகள் அதை வழித்து முடித்துவிட்டன.
இங்கே இன்னும் கிடக்கிறது.
கிடக்கிறது என்று யாராவது எழுத வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் ஒனோஃப்ரே 'ஒன்று' என்று எழுதினார்.
பதினான்கு மீட்டர், பழைய நங்கூரச் சங்கிலி அருகே, பெண்.
கரையேறியதும் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தோம்.
அடுத்த ஞாயிறு வேனில் ஏறி உட்கார்ந்தவர்
பெல்ட்டைக்கூடப் போடாமல் சொன்னார்:
"அது இரண்டு கல்.
ஒன்பது வாரம் வெறும் பலகை. கண் கேட்டதை மூளை கொடுத்துவிட்டது."
இதாய்ரா போனை எடுத்தாள்.
ஒன்றை அழித்தாள், சுழி இட்டாள்.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.
காபிக் காசைத் திருப்பித் தரப் பார்த்தார்,
நாங்கள் வாங்கவில்லை.

பூஜ்யத்தையும் அனுப்புங்கள் என்கிறார்கள்
லாஸ் பால்மாஸில் கணக்கு வைத்திருப்பவர்கள்.
முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.
பிறகு என் தராசு நினைவுக்கு வந்தது:
காலிப் பெட்டியை வைத்தாலும் முள் நகரும்.
தேடாதவன் சொல்லும் 'இல்லை' காற்று.
பதினெட்டு டிகிரியில் நாற்பது நிமிடம்
தாடை கிடுகிடுக்கத் தேடியவன் சொல்லும் 'இல்லை'
வேறு இல்லை.

இன்று சங்கிலி தாண்டி, கடற்புல் முடிகிற இடத்தில்
இதாய்ரா டார்ச்சை மூன்று முறை ஆட்டினாள்.
மணலில் ஒரு பள்ளம்.
அகன்ற தோள், ஒடுங்கிய வால்,
யாரோ கித்தாரை வைத்துவிட்டு எடுத்துப்போனது போல.
ஓரங்கள் இன்னும் சரியவில்லை.
உள்ளே ஒரு மணல் துகள் மட்டும்
உருளலாமா வேண்டாமா என்று நின்றது.

ஒனோஃப்ரே தொடவில்லை.
ஒரு சாண் உயரத்தில் கையை மிதக்கவிட்டு
தலை முதல் வால் வரை அளந்தார்: மூன்று முழம்.
என் பக்கம் திரும்பினார்.
முகமூடிக்குள் அந்தக் கண்கள்,
கல் இல்லையே என்று கேட்டன.

தடத்துக்குப் பலகையில் கட்டம் இல்லை.
எத்தனை சுறா என்ற இடத்தில்
அவர்தான் சுழி இட்டார், அழுத்தி,
பென்சில் முனை ஒடியும் வரை.
மிச்சக் கட்டையால் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார்.
மேலே வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்:

'இப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள்.'

"அவளா? எப்படித் தெரியும்?" என்றாள் இதாய்ரா.
ஒனோஃப்ரே எச்சில் தொட்டு
கடைசி எழுத்துகளைத் தேய்க்கத் தொடங்கினார்.