ஒன்பதாவது நண்டு

மாண்டூரா கழிமுகம். காலை ஆறரை.
இடுப்பளவு தண்ணீரில் நானும் சுகிர்தாவும்.
என் அரையில் கட்டிய கயிற்றில்
மிதந்து பின்னால் வருகிறது
உடுப்புத் தோய்க்கிற கூடை,
சொல்வழி கேட்கிற நாய் மாதிரி.

மண்ணுக்குள் புதைந்து
கண்ணை மட்டும் காட்டுகிறது நண்டு.
நான் கண்டது அதற்குத் தெரியும்.
அது கண்டது எனக்கும் தெரியும்.
இனி யார் முந்துவது என்பதுதான் மிச்சம்.

அளவுகோலை ஓட்டில் வைத்துப் பார்த்து
குறைந்ததுகளை வழியனுப்பினோம்:
போ ராசா, வாற பொங்கலுக்கு வா.

தேறியது ஒன்பது.
அவள் பிடித்தது ஐந்து, நான் நாலு.
(இதை இன்றைக்குள் ஏழு தரம் சொல்லுவாள்.)
நாலு பேருக்கு ஒன்பது.
வகுத்தால் மிச்சம் ஒன்று.
நெடுஞ்சாலை முழுக்க
அந்த ஒன்றில்தான் என் யோசனை.

மகனுக்குப் பில்பராவில் இரும்புச் சுரங்கம்.
இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே.
அங்கே தட்டேந்தி நிற்கிற வரிசையில்
இறைச்சி, கேக், ஐஸ்கிரீம்,
மூன்று வகை உருளைக்கிழங்கு.
"சாப்பாடு எப்பிடியடா?" என்றால்
"நிறைய" என்பான்.
அவ்வளவுதான் பதில்.
எனக்கு விளங்கும்.

விமானம் ஐந்து மணிக்கு.
மூன்று மணிக்கே சட்டி வைத்தேன்.
வெந்தயம் வெடிக்க, வெங்காயம் சிவக்க,
உள்ளி ஒரு முழுப் பூடு.
நாளைக்கு என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள்
பொறுத்துக்கொள்ளட்டும்.
புளி. தூள். இரண்டாம் பால்.
சின்னக் கால்களைத் துவாயில் சுற்றி
சுத்தியலால் தட்டிப் பிழிந்த சாறு.
கடைசியாக முதற்பால்.
அடுப்பணைத்த பிறகு
வேலியோர முருங்கையில் ஒரு பிடி இலை.
கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கினேன்.
உப்புக் காணாது.
போட்டு மறுபடி நக்கினேன்.
சரி.
சரியென்று தெரிந்தும் இன்னொரு தரம்.

நாலே முக்காலுக்குத் திரையனின் செய்தி:
புயல் எச்சரிக்கை. பிளேன் பிந்தும்.
நீங்கள் சாப்பிடுங்கோ.

யார் சாப்பிடுவது?
ஆறு மணிக்கு ஆரணி மூடியைத் திறந்தாள். மூடினேன்.
ஏழு மணிக்கு "ஒரு கால் மட்டும் அப்பா" என்றாள்.
எட்டு மணிக்குச் சட்டம் பேசினாள்,
சட்டம் படிக்கிற பிள்ளை.
ஒன்பதுக்கு நாங்கள் மூவரும்
பாண் துண்டைக் குழம்பில் தோய்த்துத் தின்றதை
சாப்பாடு என்று கணக்கில் எடுக்க முடியாது.

பதினொன்றேகாலுக்கு வந்தான்.
சப்பாத்தில் செம்மண், கண்ணில் நித்திரை.
வாசலில் நின்று மூச்சை இழுத்தான்.
பிறகுதான் பையை இறக்கினான்.

கொஞ்ச நேரம் எங்கள் வீட்டில் பேச்சில்லை.
ஓடு உடைகிற சத்தம்.
உறிஞ்சுகிற சத்தம்.
சொதியை இஞ்சால் தள்ளு என்கிற கண்ணசைவு.
ஆளுக்கு இரண்டு.

"ஒன்பது பிடிச்சதெண்டு அம்மா சொன்னா"
விரலைச் சூப்பிக்கொண்டே கேட்டான்.
"ஒண்டு கரைஞ்சு போச்சு" என்றேன்.
முப்பது வருசம் என்னோடு உண்டவள்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நேரே சட்டிக்குள் பார்த்தாள்.

அடியில், தூளுக்குள் புதைந்து,
ஓடு கழற்றாத முழு நண்டு.
இரண்டு கண் மட்டும் வெளியே.

எல்லாரும் எழும்பிப் போனபின்
ஒட்டியிருக்கிற குழம்பில் சோற்றைக் கொட்டிப் பிரட்டி
ஒளித்து வைத்த ஒன்றை உடைத்துப் போட்டு
கோப்பை கழுவுகிற இடத்தில் நின்றபடியே தின்பது
என்னுடைய பழைய கள்ளம்.
இன்று பிடிபட்டேன்.

சுகிர்தாவே சோற்றைக் கொட்டினாள்.
அவளே உடைத்தாள், அவளே பிரட்டினாள்.
முதல் உருண்டை தன் வாய்க்கு.
"ஐஞ்சு பிடிச்சது நான்."
பிறகு நீட்டிய கைகளுக்கெல்லாம் ஒவ்வொன்று.
நானும் நீட்டினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வைத்தாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு பஸ்ஸை எடுக்கிறேன்.
தேசிக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று,
சவர்க்காரம் போட்டும் தேய்த்தாயிற்று.
முதல் தரிப்பில் ஏறிய மனுசி
மூக்கைச் சுளித்துச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.
நான் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி
கையை உயர்த்தி
ஒருக்கால் மணந்து பார்த்தேன்.