நான்கு விரல் காயம்

நெத்தலிப் பொதியோடு வந்த இராசநாயகி மாமி
ஆசுப்பத்திரிக் கதை முழுக்கக் கேட்டுமுடித்து
எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா.
"எங்க, காட்டு பாப்பம்."

வலது மார்பின் கீழ்மடிப்பில்
நான்கு விரல் நீளம்.
கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தா.
"இவ்வளவுதானோ?"

ஏமாற்றம்தான் அவவுக்கு.
அவவின் மகன் புவிராசனுக்கு நடுநெஞ்சைப் பிளந்தவங்கள்.
தொண்டைக்குழி தொட்டு மேல்வயிறு மட்டும்
சட்டைப் பொத்தான் பூட்டாமல்
ஒரு வருசம் ஊருக்குக் காட்டித் திரிந்தவன்.
மூன்று மாதம் ஒரு வாளி தண்ணி தூக்கவில்லை.

எனக்கு நெஞ்செலும்பில் வாள் படவில்லை.
இரண்டு விலா எலும்புக்கு நடுவே
கமெரா ஒன்று, காம்பு நீண்ட கத்திரிகள்.
தொடைமடிப்பில் இறக்கிய குழாய்வழி
இரத்தம் வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றி வர
இதயம் சும்மா கிடந்ததாம்
ஒன்றரை மணித்தியாலம், கொழும்பில்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தை நான் அறியேன்.
அதற்கு முந்திய முப்பது வருடம் தெரியும்.
மூதூரில், எட்டு வயதில்,
மூட்டெல்லாம் வீங்கிக் காய்ந்த காய்ச்சல்.
மாதம் ஒரு பெனிசிலின் ஊசி,
கடல் கடந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில்.
லோஞ்சு ஓடாத மாதங்களில்
ஊசியும் இல்லை.
கிளினிக் அட்டையில் அந்தக் கட்டங்களை
வெறுமையாய் விட்டிருந்தார் தாதி.
வால்வு
ஒவ்வொன்றாய் எண்ணி வைத்திருந்தது.

பிறகு மூன்று தலையணை வைத்து உறங்கிய காலம்.
கோணேசர் மலை வளைவில்
வளையல் கடை பார்ப்பதுபோல் நின்று
மூச்சு வாங்கிய காலம்.

இப்போது கீரையை அளந்து தின்கிறேன்.
கிழமைக்கொரு தடவை விரலில் குத்து.
இருபதாம் நாளே தபால் கந்தோரிலிருந்து கோல்:
"சின்னக் காயம்தானே தங்கச்சி,
எப்ப வாறீங்கள்?"

முதல் கிழமை இரவொன்றில் தவனேசன்
சுவர் மணிக்கூட்டைக் கழற்றி
பற்றரியைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.
படுத்தார். திரும்ப எழும்பினார்.
டிக் டிக் நின்றபாடில்லை.
எனக்குச் சிரிப்பு வர
அது இன்னும் கெதியாய்க் கேட்டது.
அவர் இருட்டில் வந்து
என் அருகே காதை வைத்து
ஒன்றும் கதைக்காமல் கிடந்தார்.

நடக்கச் சொன்னபடியால் நடக்கிறேன்.
கோட்டை வாசல் மரத்தடியில்
கச்சான் சுற்றிய பேப்பரை மென்றுகொண்டிருந்த மான் ஒன்று
நான் கிட்டப்போகத்
தலையை நிமிர்த்தி
இரண்டு காதையும் என் பக்கம் திருப்பி
மெல்லுவதை நிறுத்தியது.

மூச்சை அடக்கி நின்றேன்.
மற்றதை அடக்க முடியவில்லை.