இரண்டு நிமிடம் பதினேழு நொடி

பதினான்கு மணி நேரத்துக்குள் என்று எழுதி
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி
பதினோரு மாதம் பார்த்தேன்.
முட்டை எடுக்கையில் பார்த்தேன்,
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
நின்றபடி தண்ணீர் குடிக்கையிலும்.

முடித்தது
பதினான்கு மணி, இரண்டு நிமிடம், பதினேழு நொடி.

பாயான் லெப்பாஸ் சில்லுத் தொழிற்சாலையில்
நான் பழுது பார்ப்பவள் அல்ல,
பழுது தேடுபவள்.
பத்து லட்சத்தில் மூன்று என்றாலும்
எந்த மேசை, எத்தனை மணிக்கு
என்று தெரியாமல் வீட்டுக்குப் போனதில்லை.
ஆகவே தேடுகிறேன்.

கடலில் இல்லை.
பத்து ஃபெரிங்கியில் வெளிச்சம் வருமுன் இறங்கினோம்.
ஒரு சொறிமீன்
கழுத்தில் சாட்டை வைத்துப் போனது.
வாய் திறந்தால் கடல் உள்ளே வரும்,
அதனால் கத்தவில்லை.
அதிலே கொஞ்சம் மிச்சம்தான்.

தெலுக் பஹாங் ஏற்றத்திலும் இல்லை.
டுரியான் கடைக்காரர்
கையில் கத்தியோடு கை தட்டினார்,
பயத்தில் வேகமாகவே மிதித்தேன்.
நெஞ்சில் குத்திய எண்ணுக்குக் கீழே
பதின்மூன்று எழுத்துக்குத்தான் இடம்;
இன்பவல்லி ஏ/பி என்பதோடு நின்றுவிட்டது.
யாருடைய மகள் என்று வருவதற்குள்
தாள் தீர்ந்துவிட்டது.
பாலிக் புலாவ் முழுக்க
முன்பின் தெரியாதவர்கள்
ஏபி, ஏபி, போலே என்றார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில்
பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.
அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன்,
எட்டரையில் முடித்தேன்.
பெரிய சேதங்களுக்கு
என்னிடம் எப்போதும் இடம் உண்டு.

தெலுக் கும்பாருக்கு முன்னால் ஓர் உடும்பு.
வரி கட்டியவர்கள் போல
நிதானமாய் ரோட்டைக் கடந்தது.
இருபது நொடி.
கழிப்பறையில் ஈர உடுப்பின் ஜிப்,
நாற்பது.
(தோள்வரை உரித்தால்தான் பெண்ணுக்கு அதில் விடுதலை;
தைத்தவன் ஒருநாளும் போட்டுப் பார்த்திருக்க மாட்டான்.)

மீதி ஒரு நிமிடம் பதினேழு நொடி.

ஓட்டத்தில்தான் இருக்க வேண்டும்.
இருபத்தெட்டாவது கிலோமீட்டருக்கு மேல்
எதற்கும் நான் சாட்சி இல்லை.
கால்கள் இரண்டும்
பாக்கி வைத்த வாடகைக்காரர்கள்,
கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடும்.
வாயு போன கோலா நினைவிருக்கிறது.
மழை வந்ததா, யாரும் தண்ணீர் ஊற்றினார்களா,
தெரியாது.
கோட்டைத் தாண்டியபோது ஜெகதீசன்
காரை எங்கே நிறுத்தினான் என்று
விளக்கிக்கொண்டே அழுதான்.

இரவு படுக்கையில் கைக்கடிகாரத்தைத் திறந்தேன்.
நீலக்கோடு பாலத்தருகே திரும்பி
தெற்கே வந்து
ஓர் இடத்தில் மட்டும் புள்ளியாய்த் தடித்திருந்தது.
பெரிதாக்கினேன்.
எங்கள் தொழிற்சாலை,
மூன்றாம் எண் வாசல்.

நான் நிற்கவில்லை.
அந்த வாசலில்
சம்பளமில்லாமல் ஒரு நிமிடம் நிற்க
எனக்கென்ன கிறுக்கா?

திங்கட்கிழமை மாடிப்படியில்
பின்பக்கமாக இறங்கி வேலைக்குப் போனேன்.
காவலுக்கு இருந்த தில்பகதூர்
அவனுடைய நேப்பாள மலாயில் சொன்னான்:
நின்றீர்கள் திதி.
அந்தப் பலகையைச் சத்தமாக வாசித்தீர்கள்.
அப்புறம் சிரித்தீர்கள், ரொம்ப நேரம்.
நான் சல்யூட் அடித்தேன், பார்க்கவில்லை.

பலகை அங்கேதான் இருந்தது,
ஒன்பது வருடமாய் நான் நிமிர்ந்து பார்க்காத பலகை.
விபத்தின்றி வேலை நடந்த நாட்கள்:
212-ஐ எடுத்துவிட்டு
யாரோ 213 மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு நேராகிவிட்டது.
முட்டி மடங்கவில்லை.
எதற்குச் சிரித்தேன் என்பது மட்டும்
இன்னும் பிடிபடவில்லை.