துண்டு

கிஷினாவில் பிப்ரவரி.
வெந்நீர்க் குழாய் ஓடும் சுவருக்கு
வாடகை தனி.
ரசீது வந்ததும் அவ்ரேலியா
உறையைக் கிழிக்காமலே
விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்,
எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி.
"முறிவுதான்" என்றாள்.

இப்போது ஒரே சம்பளம். அது அவளுடையது.
விடியும் முன் அவளுடைய டிராலி பஸ்
எங்கள் தெருமுனையைத் திரும்பும்போது
நானும் இலின்காவும் ஜன்னலில் நிற்போம்.
மேலே கம்பியில் ஒரு நீலப் பொறி தெறிக்கும்.
எங்கள் வரவில்
கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

நான் டைல்ஸ் பதிப்பவன்.
கோடையில் அவளைவிட இரண்டு மடங்கு கொண்டுவந்தவன்,
பனிக்காலத்தில் அவளிடமே சிகரெட்டுக்குக் காசு கேட்டவன்.
குழந்தைகள் காப்பகத்தில் எங்கள் வரிசை எண் நூற்று நாற்பது.
யார் வீட்டில் இருப்பது என்று
ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம்.
பேசியது நாங்கள்;
முடிவு செய்தது கால்குலேட்டர்.

ஐந்து உறைகள் வைத்திருக்கிறோம்.
நான்கின் மேல் பெயர் இருக்கிறது.
ஐந்தாவதன் மேல் எதுவும் எழுதவில்லை,
எழுதினால்
அந்தப் பெயரில் ஒரு செலவு வந்து நிற்கும் என்று.

சந்தை மூடும் கடைசி அரை மணியில்
முட்டைக்கோஸ் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துகொண்டேன்.
ஒரு நாப்கின் மூன்று மணி நேரம் தாங்கினால் லாபம்.
மாற்றிய ஐந்தாவது நிமிடமே
இலின்கா முகம் சிவக்க முக்கினால்
கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.
அவளோ சிரிக்கிறாள்.

கட்டிலுக்கடியில் என் டைல்ஸ் வெட்டும் மெஷின்.
ஒருத்தன் மாதம் தவறாமல் போன் செய்கிறான்,
ஒவ்வொரு முறையும் விலையைக் கொஞ்சம் குறைத்து.
என் நிலைமை அவனுக்கு எப்படித் தெரிகிறதோ.
இலின்கா தவழ்ந்துபோய் அதன் வயரைச் சப்புகிறாள்.
விற்கமாட்டேன் என்று அவளிடம் சொல்கிறேன்.
அவனிடம், அடுத்த வாரம் கூப்பிடு என்கிறேன்.

இருபத்தேழாம் தேதி துண்டு விழுந்தது.
முந்நூற்றுப் பத்து லெய்.
அதே மத்தியானம், காற்றில்,
பால்கனிக் கொடியிலிருந்தும் ஒன்று விழுந்தது:
மஞ்சள் கரை போட்ட
இலின்காவின் குளியல் துண்டு.
முதலாவதை எங்கே போய்த் தேடுவது?
இரண்டாவது கீழ்வீட்டு கிரிஷாவின் பால்கனியில் கிடந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.
குளிரில் விறைத்துப் பலகையாகிவிட்ட துண்டை
இரண்டு கையாலும் நீட்டினான்.
புதன்கிழமை, பகல் இரண்டு மணி,
அவனும் காலுறையோடு வீட்டில் நின்றான்.
அதைப்பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.
பிறகு
இலின்காவின் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டியபடி
அவளிடம் கேட்கிற மாதிரி கேட்டான்:
நூறு லெய் இருக்குமா, வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்.

பெயரில்லாத உறையில் நூற்றிருபது இருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
அளந்தேன்.
நூறு.

ராத்திரி அவ்ரேலியா வந்தாள்.
கையுறையைக் கழற்றாமல் நோட்டைப் புரட்டினாள்.
'துண்டு — 100' என்று எழுதியிருந்தேன்.
எந்தத் துண்டு என்றாள்.
சொன்னேன்.
திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.
குழந்தை எழாத குரலில், ஒன்று விடாமல்,
முட்டைக்கோஸில் தொடங்கி மெஷின் வரைக்கும்.
நடுவில் ஒருமுறை
ஸ்டியரிங் பிடித்த விரல்கள் மடங்கவில்லை என்று
என்னிடம் நீட்டினாள்; நான் பிடித்துவிட்டேன்;
திட்டு நிற்கவில்லை.

அப்புறம் பென்சிலை எடுத்து
செலவுப் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு
எதிர்ப்பக்கத்தில் எழுதினாள்:
'கிரிஷா. வர வேண்டியது.'
அந்தப் பக்கத்தில் இத்தனை நாளும்
அவள் சம்பளம் மட்டும் ஒற்றை வரியாக நின்றிருந்தது.

ரேடியேட்டரின் மேல்
துண்டு மெல்ல இளகி
ஒரு மூலையிலிருந்து சொட்டத் தொடங்கியது.
வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.